பேர் மட்டும் எழுதிக்கோங்க!

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உட்காரு. உன் போன்ல நாலாயிரம் பாட்டு கிடக்காம், ஒத்தப் பைசா செலவில்லையாம். உங்கப்பன் மார்தட்டிச் சொன்னான். எனக்கும் பூரிப்புதான். நம்ம வம்சத்துல மாங்காய் அடிச்சவன் உண்டு, ராவோட ராவா மடை திருப்பினவன் உண்டு. பாட்டை மூட்டை கட்டினவன் நீதான் முதல் ஆளு.

ஒரு சந்தேகம்டா. போனுக்கு இருபதாயிரம் எண்ணி வச்ச. காதுல சொருகிக்கிற குமிழுக்கு ரெண்டாயிரம். மாசம் பொறந்தா ரீசார்ஜ். அங்கெல்லாம் பேரம்கூடப் பேசல. பாட்டை எழுதினவன், மெட்டுப் போட்டவன், பாடினவன் முறை வர்றப்ப மட்டும் உனக்குப் பொதுவுடைமை ஞாபகம் வந்துடுது பாரு, நீ கெட்டிக்காரன்!

நீ இறக்குற அந்தத் திருட்டுக் கடையை நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு பாட்டைத் தொட்டா ரம்மி விளம்பரம் மூணு குதிக்குது. அந்தக் காசை எவனோ வாங்கி மடியில கட்டிக்கிறான். அவனுக்குக் கல்யாணியும் தெரியாது, காம்போதியும் தெரியாது.

எங்க காலத்து ரெக்கார்டிங் சென்டரும் காசி தீர்த்தமில்ல. வெறும் கேசட்டையும் பாட்டுப் பேர் எழுதின சீட்டையும் குடுத்தா, ரெண்டு நாள்ல பதிஞ்சு தருவாங்க. மெட்டுப் போட்டவருக்கு அதுலயும் ஒண்ணும் போகல. ஆனா அறுபது நிமிஷத்துக்குள்ள எது வேணும், எது வேணாம்னு ஒரு வாரம் மண்டையை உடைச்சுக்குவோம். உன் நாலாயிரத்துல எத்தனையைக் கடைசிவரைக்கும் கேட்ட?

1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தை 2012ல திருத்தினாங்க. இந்திப் பாட்டு எழுதுற ஜாவேத் அக்தர் அதுக்காக மாநிலங்களவையில நின்னு பேசினார். சினிமாப் பாட்டு தியேட்டருக்கு வெளிய சம்பாதிக்கிற ராயல்டியில எழுதினவருக்கும் இசையமைச்சவருக்கும் பங்கு உண்டு, அதைத் தயாரிப்பாளர் எழுதி வாங்கிக்கவும் முடியாதுன்னு ஆச்சு. அருமையான சட்டம். ஆனா பாட்டு சம்பாதிச்சாத்தானடா பங்கு? நீ ஓசியில இறக்கினா, பூஜ்யத்தைப் பங்கு போட்டுக்க வேண்டியதுதான்.

அதனால சந்தா கட்டிக் கேளு. அங்கயும் பாலாறு ஓடல. ஸ்பாட்டிஃபைல 2024லேர்ந்து, 12 மாசத்துல 1,000 தடவை ஓடாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி ஒண்ணும் கிடையாது. புதுசா வர்றவன் பாடு திண்டாட்டம்தான். நிஜமாவே பிடிச்ச ஆளுன்னா கச்சேரிக்கு டிக்கெட் எடுத்துப் போ. வாசல்ல நின்னு பாஸ் கேட்காதே.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நேத்து உன் கல்யாண மேளம் பேச வந்த நாயனக்காரர்கிட்ட என்ன சொன்ன? "அண்ணே, கொஞ்சம் குறைச்சுக்கோங்க, யூடியூப்ல லைவ் போடுறோம், உங்களுக்கு நல்ல பேர் கிடைக்கும்." எனக்குக் காது மந்தம்தான், ஆனா இந்த மாதிரிப் பேச்சு மட்டும் கணீர்னு கேட்டுடும்.

அவர் கையில இருந்தது நரசிங்கம்பேட்டை நாயனம். பழைய வீட்டை இடிக்கிறப்ப கிடைக்கிற, ஆண்டுக்கணக்கா காய்ஞ்ச ஆச்சா மரத்துல கடையிறது. 2022ல புவிசார் குறியீடே குடுத்துட்டாங்க. அதோட மேல்முனைக்குப் பக்கத்துல நூல்ல நாலஞ்சு சீவாளி தொங்குச்சே, கவனிச்சியா? வாயில வச்சு ஊதுறது அதுதான், நாணல்ல செய்யிறது. ஒண்ணு ஒத்துழைக்கலேன்னா அடுத்ததை மாட்டணும். தவிலுக்கு விரல்கூடு, ஒத்துக்கு ஒரு ஆளு, வந்து போக வேன் வாடகை. இதுல எதை உன் லைவ் வாங்கித் தரும்?

பேர் அவ்வளவு பெரிய சொத்துன்னா, நம்ம பந்தல்லயும் அப்படியே வச்சுக்குவோம்டா. மொய் நோட்டுல தொகை எழுதுற பத்தியை அடிச்சுடலாம். "பேர் மட்டும் எழுதிக்கோங்க மாமா, ஊரெல்லாம் படிக்கும்"னு உன் சித்தப்பனை வாசல்ல உட்கார வச்சுடலாம். ஏன்டா முழிக்கிற?

உனக்குச் சாதகமா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. கல்யாண ஊர்வலத்துலயும் அதை ஒட்டின கொண்டாட்டத்துலயும் பாட்டுப் போட்டா காப்புரிமை மீறல் ஆகாதுன்னு அதே சட்டத்துல 52ஆம் பிரிவு சலுகை குடுக்குது. மாப்பிள்ளைன்னா சட்டமே எழுந்து நிக்குது பாரு! ஆனா அந்தச் சலுகை பாட்டுக்குத்தான். வாசிக்கிற ஆளோட கூலிக்கு இல்ல.

ஆகவே இன்னிக்கே போன் பண்ணு. அவர் கேட்ட தொகைக்குச் சரின்னு சொல்லு. லைவ் போட சம்மதமான்னு தனியா கேளு, வேணாம்னா விட்டுடு. அச்சாரத்தை இப்பவே அனுப்பு. மீதியை முகூர்த்தம் முடிஞ்சதும், பந்திக்கு எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி, வெத்தலைபாக்கோட நீயே கையில குடு. உங்கப்பன்கிட்ட விட்டுடாதே, அவன் ஐந்நூறைப் பிடிச்சுக்குவான்.