ஆடாமல் ஆட்டுவித்த அருளாளர்களுக்கு

மூன்றாம் வகுப்புக்குப் பறையாட்டத்தை மின்பாடமாக வடித்தருளிய மாண்பமை வல்லுநர் பெருமக்களே! சுட்டி பிடித்துச் சிவந்த தங்கள் திருக்கரங்களை முதற்கண் வணங்குகிறேன்.

பறையென்றால் இதுவரை எத்தனை இடர்! தோலை நெருப்பில் காய்ச்ச வேண்டும். பனி இறங்கினால் மறுபடியும் காய்ச்ச வேண்டும். ஒரு கைக்கு ஒல்லிக்குச்சி, மறு கைக்குத் தடித்த அடிக்குச்சி. அடிக்கு அடி கால் சேர வேண்டும். அது பக்கத்தில் ஆடுகிறவன் காலோடும் சேர வேண்டும். இத்தனை தொல்லையையும் நான்கே நிமிடக் காணொளியில் தீர்த்துவைத்தீர்கள். பறையொலியை அறவே நீக்கி, கீபோர்டில் ஏதோ ஒன்றை இழையவிட்ட கருணையை என் சொல்வேன்! அதற்கு ஆடும் பொம்மையோ அற்புதம்: தோள் குலுங்காது, முழங்கால் மடங்காது, புன்னகை மட்டும் மாறாது. பரதமுனிவருக்கும் எட்டாத அபிநயம்.

ஒரு பள்ளியில் (ஊர்ப்பெயர் எதற்கு?) அந்த அரங்கேற்றத்தைக் காணும் பேறு எனக்கும் வாய்த்தது. ஆட்டப் பாடம் முடியும்வரை பிள்ளைகள் கைகட்டி, வாய்பொத்தி அமர்ந்திருந்தார்கள். கடைசி வரிசைப் பொடியன் ஒருவன் மட்டும் தன்னை மறந்து தொடையில் தாளம் தட்டிவிட்டான். “டேய், பாடம் நடக்குதுல்ல?” என்று டீச்சர் உடனே அவனைக் காத்தருளினார்.

அவன் தாத்தா பறையடிப்பவர். பள்ளி மதிலுக்கு அந்தப் பக்கம்தான் வீடு. அவரைக் கூப்பிடாமல் விட்ட தங்கள் நுண்ணறிவுக்கு ஈடுண்டோ! வந்திருந்தால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? சாவு வீட்டில் ஏன் அடிக்கிறீர்கள், உங்களை மட்டும் ஏன் அடிக்கச் சொன்னார்கள், கூலி கொடுத்தவர்கள் ஏன் திண்ணையில் உட்கார விடவில்லை என்றெல்லாம் கேட்டுத் தொலைத்திருப்பார்கள். பறைக் கலைஞர் மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்ததெல்லாம் டெல்லிக்காரர்களின் அவசரம். தாங்கள் அப்படிப் பதறுகிறவர்களா?

சிகரம், இறுதியில் வந்த வினாடி வினா. ‘பறை எதனால் ஆனது?’ மரம், இரும்பு, பிளாஸ்டிக், கண்ணாடி என நான்கு விடைகள். அந்தப் பொடியன் எழுந்து, “மாட்டுத்தோலு, டீச்சர்” என்றான். ‘தோல்’ என்ற அநாகரிகச் சொல்லைத் தாங்கள் திரையில் அனுமதிக்கவே இல்லையே! டீச்சர் அவனை உட்காரச் சொல்லிவிட்டு ‘மரம்’ என்பதைத் தொட்டார். வண்ணக் காகிதங்கள் பொழிந்தன; கைதட்டல் எழுந்தது. அதுவும் கீபோர்டில் செய்ததுதான்.