மாஹிம் கடல் இனித்தபோது

2006 ஆகஸ்ட் 18, வெள்ளிக்கிழமை ராத்திரி, மும்பையில் மாஹிம் கடல் இனித்தது. வாட்ஸ்அப் பிறக்காத காலம். கையில் இருந்தது நோக்கியா. அதிலும் பாதிப் பேர் மிஸ்டு கால் கொடுத்தே குடும்பம் நடத்தியவர்கள். ஆனாலும் நள்ளிரவுக்குள் கரையில் கால் வைக்க இடமில்லை. மாஹிம் தர்காவின் மக்தூம் ஷா பாபாவின் அற்புதம் என்றார்கள். பிஸ்லேரி பாட்டில், தூக்குவாளி, பிளாஸ்டிக் குடம் என்று அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஓடினார்கள். எங்கள் சாலில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், கோடி வீட்டு அண்ணாச்சியும் ஓடினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். விடிகிற நேரத்தில் திரும்பி வந்தவர், பாட்டிலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"குடிச்சுப் பாருல. கரிப்புங்கிறதே இல்ல."

பாட்டிலுக்குள் குட்கா பாக்கெட்டின் கிழிந்த மூலை ஒன்று மேலும் கீழுமாக நீந்திக்கொண்டிருந்தது. வயிறு சரியில்லை என்று நழுவப் பார்த்தேன். "பாபா தண்ணிக்கு வயிறாவது ஒண்ணாவது" என்று மிச்சத்தை அவரே அண்ணாந்து குடித்தார்.

குடிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எச்சரித்தது. ஐ.ஐ.டி. மும்பையின் நிலவியல்காரர்கள் விளக்கம் சொன்னார்கள். பல நாள் மழையில் மித்தி ஆறு கொண்டுவந்து தள்ளிய தண்ணீர் கழிமுகத்தருகே தேங்கியிருக்கிறது, உப்பில்லாத தண்ணீர் அடர்த்தி குறைந்தது, ஆகவே கடல் நீருக்கு மேலே மிதக்கிறது, அவ்வளவுதான். மறுநாள் பிற்பகலுக்குள் கடல் பழையபடி கரிக்கத் தொடங்கிவிட்டது. அதற்குள் குஜராத்தில் தீத்தல் கடற்கரையும் இனிப்பதாகச் செய்தி வந்ததால் விளக்கம் யார் காதிலும் ஏறவில்லை. 1995 செப்டம்பரில் பிள்ளையார் பால் குடித்தபோதும் மேற்பரப்பு இழுவிசை என்று சொன்னவர்கள் இருந்தார்கள். வரிசையில் ஸ்பூனோடு நிற்பவனிடம் அதைச் சொல்லித் தப்ப முடியுமா?

மாஹிம் மீனவர் குடியிருப்பான கோலிவாடாவிலிருந்து எங்கள் சாலுக்கு மீன் கொண்டுவரும் மாவ்ஷி மட்டும் சிரித்தார். நல்ல மழைக்காலத்தில் கழிமுகத்து மேல்தண்ணீர் சப்பென்றுதான் இருக்கும், இதில் என்ன கூத்து என்று கேட்டுவிட்டு, பொம்பில் மீன் விலையை அன்றைக்கு ஐந்து ரூபாய் ஏற்றினார். ஐ.ஐ.டி. சொன்னதையேதான் சொன்னார், டி.வி.க்காரர்கள் அவரிடம் மைக்கை நீட்டவில்லை.

உப்பில்லை என்பதால் அது குடிநீர் ஆகிவிடாது. மித்தி ஆறு விஹார், பவாய் ஏரிகள் நிரம்பி வழிவதில் பிறந்து சுமார் 18 கி.மீ. ஓடி மாஹிம் வளைகுடாவில் சேர்கிறது. பிறக்கும்போது தண்ணீர்தான். வழியில் எண்ணெய் டிரம் கழுவியது, சாயம், மாட்டுத் தபேலாச் சாணி, லட்சக்கணக்கான பேரின் கக்கூஸ் எல்லாம் சேர்ந்துகொள்ளும். அதைத்தான் தீர்த்தமாக வாங்கிக் குடித்தது ஊர்.

இத்தனைக்கும் அந்த மித்தி எங்களுக்குப் புதிதல்ல. முந்தின வருஷம்தான் வீட்டுக்குள்ளேயே வந்து தங்கிவிட்டுப் போயிருந்தது. 2005 ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை, அதே நாளில் கொலாபாவில் 73. நான் கொலாபாவை ஒட்டிய கோட்டைப் பக்கத்து ஆபீஸில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே சாதாரண மழை. வீட்டிலிருந்து போன்: "வாசப்படிக்கு வந்துட்டு, நீ கிளம்பி வா." மேலதிகாரி ஜன்னலைக் காட்டி, "இந்த மழைக்கா லீவு?" என்றார். அவர் இருந்தது 73 மி.மீ. மும்பை, என் வீடு இருந்தது 944 மி.மீ. மும்பை. ரயில் நின்ற பிறகு அவரே அனுப்பிவிட்டார். தண்டவாளத்தோடு கொஞ்சம், இடுப்பளவுத் தண்ணீரோடு கொஞ்சம், முன்பின் தெரியாதவர்கள் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் என்று வந்து சேர்ந்தபோது விடிந்துவிட்டது.

கதவு திறக்கவில்லை. உள்ளே காஸ் சிலிண்டர் சமையல் மூலையை விட்டு மிதந்துவந்து கதவை அடைத்துக் கிடந்தது. தள்ளித் திறந்தால், அரிசி டிரம் கட்டிலின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் ஒரு கறுப்புக் கோடு நின்றது, எண்ணெய்க் கோடு. சுண்ணாம்பு அடிக்க அடிக்க அது மேலே கசிந்து வந்தது. அம்மா கடைசியில் அந்தக் கோட்டுக்கு ஒரு முழம் மேலே ஆணி அடித்து சாமி படங்களை மாற்றி மாட்டினாள். எங்கள் குடும்பத்தின் முதல் வெள்ளத் தடுப்புத் திட்டம் அதுதான்.

மாநிலம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போன மழை அது. ஏன் என்று கேட்டால், "கலி முத்திப்போச்சு தம்பி" என்றார் அண்ணாச்சி. மழை வேண்டி யாரோ எங்கேயோ செய்த யாகம் அளவுக்கு மிஞ்சிப் பலித்துவிட்டது என்பது பெரியம்மாவின் கட்சி. வருணனைத் தவிர வேறு குற்றவாளி எங்களுக்குத் தெரியாது.

குற்றவாளிகள் காகிதத்தில் இருந்தார்கள். நகரத்தின் மழைநீர் வாய்க்கால்கள் வெள்ளைக்காரன் காலத்தவை. மணிக்கு 25 மி.மீ. மழைக்குக் கட்டியவை. அதிலும் பெய்வதில் பாதி மண்ணுக்குள் இறங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை. மண் எங்கே இருக்கிறது? 944ஐ 24ஆல் வகுத்து, நாள் முழுக்க ஒரே சீராகப் பெய்ததாக வைத்துக்கொண்டால்கூட மணிக்கு 39 வருகிறது. அது சீராகவும் பெய்யவில்லை. பெரும்பங்கு பிற்பகலில் கொட்டியது. ஹை டைட் வேளையும் அதுவே. வாய்க்கால்களின் வாய் பெரும்பாலும் ஹை டைட் மட்டத்துக்குக் கீழே இருப்பதால், அந்த நேரத்தில் கடல் வாங்கிக்கொள்ளாது. சில இடத்தில் திருப்பியும் அனுப்பும். வாய்க்கால்களை 50 மி.மீ.க்கு அகலப்படுத்தும் பிரிம்ஸ்டோவாட் திட்ட அறிக்கை 1993இலேயே தயார். அதைத் தூசி தட்டி எடுக்க 944 மி.மீ. தேவைப்பட்டது.

மித்தியையும் விட்டுவைக்கவில்லை. விமான ஓடுபாதைக்காக அதை வளைத்தார்கள். அது விரிந்து படுக்கும் சதுப்பில் பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ் எழுந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம், தாராவி ஓரத்தில், நகரத்துக் குப்பையைக் கொட்டிய 37 ஏக்கர் மேட்டில் மரம் நட்டு, 1994இல் மாஹிம் நேச்சர் பார்க் என்று திறந்தார்கள். இன்று அசல் காடு, பறவைகள் வருகின்றன. ஆக, குப்பைமேடு காடாயிற்று, அலையாத்திக் காடு கண்ணாடிக் கட்டிடமாயிற்று. அந்தக் கண்ணாடிக்குள்ளே, சால்வை போர்த்திக்கொள்ளும் அளவுக்கு ஏசி குளிரில், கரியமில வாயுவைக் குறைப்பது பற்றிக் கூட்டம் நடக்கிறது. கூட்டம் நல்ல கூட்டம்தான். டீயும் நன்றாக இருக்கும்.

இப்போது சால் இல்லை. அதே இடத்தில் ஏழு மாடிக் கட்டிடம். அண்ணாச்சி ஐந்தாவது மாடி, நான் மூன்றாவது. அவர் வீட்டில் ஆர்.ஓ. மெஷின் இருக்கிறது, கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரை நேரே வாயில் வைக்க மாட்டார். கலி முத்துவதும் நின்றுவிட்டது.

"ஆர்க்டிக்ல ஐஸு உருகுதுல்லா தம்பி, அதான் இங்க இந்தக் கொட்டு கொட்டுது" என்கிறார், லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது.

கேலி செய்ய முடியாது. பேத்தியின் பள்ளி ப்ராஜெக்டிலிருந்து கற்றது. பெரும்பாலும் சரியாகவே சொல்கிறார். ஒரு டிகிரி சூடு ஏறினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும் என்பது எங்கள் கட்டிடத்தில் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். அரபிக்கடல் சூடாகிறது, அந்த ஈரம்தான் உள்நாட்டில் போய்க் கொட்டுகிறது என்பதும் தெரியும். புணே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோலும் கூட்டாளிகளும் 2017இல் கணக்கிட்டுக் காட்டினார்கள்: 1950க்கும் 2015க்கும் இடையில் மத்திய இந்தியாவில் பரந்த அளவில் கொட்டும் அதிகனமழை மூன்று மடங்காகியிருக்கிறது. அதற்காக 2005 மழையை முழுசாக இந்தச் சூட்டின் கணக்கில் எழுதிவிட முடியாது. சூடான கடல் பகடையில் ஆறு விழும் வாய்ப்பைக் கூட்டுகிறது. எந்த ஆறு அதனால் விழுந்தது என்று கேட்டால் விஞ்ஞானி தயங்குவார். அண்ணாச்சி தயங்க மாட்டார்.

புயலும் அப்படித்தான். அது வங்காள விரிகுடாவின் தொழில் என்று இருந்தோம். ஊரிலிருந்து கடிதம் வந்தால் படித்து உச்சுக் கொட்டுவோம். 2020 ஜூனில் நிசர்கா மும்பைக்குத் தெற்கே அலிபாக் பக்கம் கரையேறியது. மறு வருஷம் மே மாதம் டவ்தே கடந்து போனபோது கொலாபாவில் மணிக்கு 114 கி.மீ. காற்று.

மழை வரும் தேதி அந்தக் காலத்தில் வீட்டு விசேஷம் மாதிரி. ஜூன் 10 என்றால் 10. சில நாள் முன்னே பின்னே. பள்ளிக்கூடம் திறப்பு, டக்பேக் ரெயின்கோட், கூரைக்கு நீலத் தார்ப்பாய் எல்லாம் அதை வைத்தே. 2019இல் மழை ஜூன் 25க்குத்தான் வந்தது. 2020இல் வானிலைத் துறை மும்பையின் வழக்கமான தேதியை ஜூன் 11 என்று ஒருநாள் தள்ளி வைத்தது. 2023இல் மறுபடி ஜூன் 25. அன்றைக்கே தில்லிக்கும் போய்விட்டது. 2025இலோ மே 26ஆம் தேதியே வந்து, 1956இன் மே 29 சாதனையை முறித்தது. அன்று, திறந்து மூன்று வாரம் ஆகாத ஆச்சார்ய அத்ரே சௌக் மெட்ரோ நிலையத்துக்குள் தண்ணீர் இறங்கிய வீடியோவை அண்ணாச்சி எனக்கு அனுப்பினார். அது உண்மையான வீடியோ. அதற்கு முன்னால் அனுப்பிய, ஆஸ்பத்திரி வாசலில் முதலை நீந்தும் வீடியோ எந்த தேசத்து முதலையோ.

2005இல் மும்பைக்கு டாப்ளர் ராடார் கிடையாது. இப்போது கொலாபாவிலும் வேராவலியிலும் சுழல்கிறது. மேகம் எங்கே திரள்கிறது என்று போனில் பார்த்துக்கொண்டே நனையலாம். எச்சரிக்கைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம்கூட இருக்கிறது. ஆரஞ்சு என்றால் ஆபீஸ் உண்டு, சிவப்பு என்றால் பள்ளிக்கு மட்டும் லீவு.

எனக்குப் பிடிபட்டது ஒன்று. காரணம் தெரியாதபோது பழியைக் கடவுள் மேல் போட்டோம். தெரிந்த பிறகு காரணத்தின் மேலேயே போட்டுவிடுகிறோம். தூர் வாராத சாக்கடை நாலாவுக்கும் பருவநிலை மாற்றம், அடைத்துக்கொண்ட கல்வெர்ட்டுக்கும் பருவநிலை மாற்றம். பொய் என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது. அதுதான் அதிலுள்ள வசதி. மித்தியில் தூர் வாரியதாகக் கணக்குக் காட்டி 65 கோடி ரூபாய் முறைகேடு என்று 2025இல் போலீஸ் வழக்குப் பதிந்தது. கோர்ட்டு தீர்ப்பு என்னவாகுமோ, ஆர்க்டிக்கின் மேல் வழக்கில்லை.

2021 ஆகஸ்டில் மாநகராட்சி கமிஷனரே, 2050க்குள் நரிமன் பாயிண்டில் 80 சதவீதம் தண்ணீருக்குள் போகும் என்றார். அடுத்த மார்ச்சில் வெளியான மும்பை பருவநிலைச் செயல்திட்டம், 2050க்குள் நகரத்தின் கரிம உமிழ்வு நிகர பூஜ்யம் ஆகும் என்றது. இரண்டில் எது முந்துகிறது என்று பார்க்க அண்ணாச்சிக்கு ஆசை. வயது இடம் கொடுக்காது.

விஷயம் நன்றாகத் தெரிந்தவர்கள் நாங்கள் மாடியில் இருக்கிறோம். ரயில்வே கேட்டைத் தாண்டி தாராவிப் பக்கம் தகரக் கூரைக்குக் கீழே இருப்பவர்களுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. 2025இல் பிப்ரவரியிலேயே அனல் காற்று எச்சரிக்கை விட்டார்கள். அந்த வாரம் அண்ணாச்சியின் பட்டறைக்குப் போயிருந்தேன். மகன்தான் இப்போது பார்த்துக்கொள்கிறான். பகலில் பசை டப்பாவைத் திறந்தால் மூடிக்குள்ளேயே கொதிப்பதுபோல் ஆவி கிளம்புகிறது, பையன்களுக்குத் தலை சுற்றுகிறது என்று தையலை ராத்திரிக்கு மாற்றியிருந்தான். "ராத்திரி கரண்டுக்கு யாரு குடுப்பா?" என்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தார் அப்பா.

மகாராஷ்டிரத்தில் ஹவுசிங் சொசைட்டிகள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை செப்டம்பர் 30க்குள் நடத்த வேண்டும் என்று சட்டம். அதாவது மழை முடிந்து குடை மடிக்கும் வேளை. எங்கள் கட்டிட சொசைட்டியின் செக்ரட்டரி கெட்டிக்காரர். மின்சார மீட்டர் பெட்டி தரைத்தளத்தில் முழங்கால் உயரத்தில் இருக்கிறது, அதை முதல் மாடித் திருப்பத்துக்கு ஏற்றிவிடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். செலவை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பதா, சதுர அடிக்கு இவ்வளவு என்று பிரிப்பதா? அதிலேயே ஒரு மணி நேரம் போயிற்று.

"அஞ்சாவது மாடிக்கு எப்படிவே தண்ணி வரும்? நான் எதுக்குக் குடுக்கணும்?" என்றார் அண்ணாச்சி.

"தண்ணி வராது அண்ணாச்சி. கரண்டு கீழே இருந்துதான ஏறுது?"

"லிஃப்ட் நின்னா நான் கீழ இறங்காம இருந்துக்கிடுதேன். நீ உன் சோலியப் பாரு."

தீர்மானம் அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது. அதற்கு அடுத்ததாக, கட்டிடத்து இளைஞர்கள் கொண்டுவந்த தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: பருவநிலை மாற்ற விழிப்புணர்வுப் போஸ்டர், மராத்தி, தமிழ், இந்தி மூன்றிலும். ஆளுக்கு நூறு ரூபாய். அண்ணாச்சி ஐந்நூறு கொடுத்தார். ஒட்டுவதற்கு வெற்றிடம் எங்கே இருக்கிறது என்று தேடி, மீட்டர் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள்.