ஓட்டம் விட்டோர் மீட்சி நெறி: காஞ்சிபுரச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

தினமும் ஓடிக்கொண்டிருந்தவர் ஓட்டத்தை நிறுத்திவிட்டால் உடம்புக்கு என்ன ஆகும் என்று மருத்துவம் நிறையவே சொல்லிவைத்திருக்கிறது. நின்றவர் மறுபடி எப்படித் தொடங்குவது என்பதற்குத்தான் உருப்படியான சாத்திரம் ஒன்றும் இல்லை. அக்குறையை நீக்கப் புகும் இவ்வாய்வு காஞ்சிபுரத்தைக் களமாகக் கொள்கிறது. ஓட்டம் நிற்பதற்கான காரணங்கள் ஆண்டு முழுக்கத் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும் ஊர் இது. சித்திரை, வைகாசியில் வெயில். ஆவணியிலும் தையிலும் முகூர்த்தம் பார்த்துக் கல்யாணப் பட்டு எடுக்க வந்த வேன்கள் காந்தி ரோட்டை அடைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. எஞ்சிய நாட்களில் ஏதாவது ஒரு கோயிலில் உற்சவம். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்து வாங்கிய ஷூ, மாசி பிறப்பதற்குள் செருப்பு ஸ்டாண்டின் அடித்தட்டுக்கு இறங்கிவிடுகிறது. மறுபடி என்றைக்குத் தொடங்குவது என்பதில் மட்டும் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு கிடையாது: வருகிற திங்கட்கிழமை.

இவ்வாய்வின் கொள்கை ஒன்றே. திரும்பி வருகிறவரைக் கெடுப்பது அவருடைய பழைய வேகம். சோம்பலை வீணாகத் திட்டுகிறார்கள்; சோம்பேறிக்குக் கால் சுளுக்கியதாக வரலாறு இல்லை. ‘அப்பவெல்லாம் நாலு ராஜ வீதியையும் ரெண்டு சுத்து சுத்துவேன்’ என்ற நினைவோடு முதல் நாளே இறங்குகிறவர்தான் நான்காம் நாள் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆகவே விட்ட இடத்திலிருந்து பிடிக்கக் கூடாது. மூச்சு இடம் கொடுக்கும் அளவுக்கும் ஒரு படி கீழே தொடங்க வேண்டும். இதற்கு உடலியல் சான்று உண்டு. 1984-இல் எட்வர்ட் காயில் குழுவினர், நன்கு பயிற்சி பெற்ற ஏழு பேரை 84 நாட்கள் பயிற்சியை நிறுத்தச் சொல்லிச் சோதித்தார்கள். (சும்மா இருந்ததற்கு அறிவியல் அங்கீகாரம் பெற்ற பாக்கியசாலிகள்.) உடல் உச்சமாக உள்வாங்கக்கூடிய ஆக்சிஜனின் அளவு முதல் மூன்று வாரங்களில் 7 சதவீதம் இறங்கியது, எட்டு வாரத்தில் 16 சதவீதம் குறைந்து அங்கேயே நின்றுவிட்டது. தசைக்குள் ஓடும் நுண்குழாய்களோ குறையவே இல்லை. அதாவது எல்லாம் போய்விடுவதில்லை. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. இரத்தத்தின் நீர்ப்பங்கு சட்டென்று குறைந்தாலும் சட்டென்று ஏறிவிடும். ஆகையால் இரண்டு மூன்று வாரத்தில் மூச்சு திரும்பிவிடுகிறது. தசைநாணும் எலும்பும் அவ்வளவு அவசரப்படுவதில்லை. மூச்சு ‘போ’ என்கிறது, கெண்டைக்கால் ‘பொறு’ என்கிறது. ஓடுகிறவர் மூச்சின் பேச்சைக் கேட்கிறார்.

இக்கொள்கைக்கு ஆக வலுவான சான்று சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கிறது. அத்திவரதர் என்னும் அத்தி மரத்தாலான மூர்த்தி நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரிலிருந்து வெளியே எழுந்தருள்வார்: 1939, 1979, கடைசியாக 2019. நாற்பது ஆண்டு இடைவெளி என்பது எந்தப் பயிற்சியாளரையும் கைவிரிக்க வைக்கும் இடைவெளி. வெளியே வந்தவர் என்ன செய்தார் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. ஜூலை 1 முதல் 31 வரை சயனக் கோலம். அதாவது, வந்ததும் படுத்துக்கொண்டார். ஆகஸ்ட் 1-ஆம் தேதிதான் நின்ற கோலம். அதுவும் 17-ஆம் தேதி வரை. ஆக மொத்தம் 48 நாள், ஒரு மண்டலம். அதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைந்த காலம் படுக்கையில். உலகளந்தவரே முப்பத்தொரு நாள் படுத்திருந்துவிட்டுத்தான் எழுந்து நிற்கிறார் என்னும்போது, ஆறு மாதம் சும்மா இருந்த ஒரு பாங்கு ஊழியர் முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் ஓடுவதைத் துணிச்சல் என்பதா, அபசாரம் என்பதா என்று இவ்வாய்வாளரால் முடிவு செய்ய இயலவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். அத்திவரதர் திட்டமிட்டுக் குளத்துக்குள் போகிறவர். நம் ஆள் திட்டமிடாமல் நின்றுபோனவர். இரண்டும் எப்படி ஒன்றாகும்? வரலாறு அறியாதவர் கேள்வி இது. பலரும் சொல்லும் வரலாற்றின்படி மூர்த்தியைக் குளத்தில் மறைத்ததே படையெடுப்புக்கு அஞ்சித்தான். முறை வைத்து வெளியே எடுப்பது பிறகு வந்த ஏற்பாடு. வீதியுலா போகும் உற்சவர் கதையில் இது இன்னும் தெளிவு. 1688-இல் முகலாயப் படைக்கு அஞ்சி அவரை உடையார்பாளையம் காட்டுப் பக்கம் கொண்டுபோனார்கள். ஆபத்து தீர்ந்த பின்னும் அவரைத் திருப்பி அனுப்பப் பாளையக்காரருக்கு மனம் வரவில்லை. (மெத்தை என்னும் பாளையக்காரரைக் காலை ஐந்து மணிக்கு எதிர்கொண்டவர்களுக்கு இது விளங்கும்.) ஆத்தான் ஜீயரின் வேண்டுகோளுக்கிணங்க தளபதி லாலா தோடர்மால் தலையிட்ட பிறகே 1710-இல் பெருமாள் ஊர் திரும்பினார். இருபத்திரண்டு ஆண்டுகள் விட்டுப்போனதே என்று கோயில் கணக்குப் பார்த்து, விட்ட உற்சவங்களை எல்லாம் சேர்த்து ஒரே வாரத்தில் நடத்தவில்லை. திரும்பி வந்ததையே ஓர் உற்சவமாக்கிக்கொண்டது. விட்டுப்போன இருபது நாள் ஓட்டத்தை ஞாயிற்றுக்கிழமையே ஈடுகட்டப் பார்க்கிறவர்கள் இந்த நிர்வாகத் திறமையை ஊன்றிப் பார்க்க வேண்டும்.

நெசவுத் தெருக்களிலும் இதற்குச் சான்று கிடைக்கிறது. அடைமழையில் குழித்தறியின் குழிக்குள் நீர் ஊறிவிடும், பாவும் ஈரம் தாங்காது, தறி நின்றுவிடும். மழை விட்டு நெய்ய உட்காருகிறவர், நின்ற நாட்களுக்கும் சேர்த்து நாடாவை வீசினால் இழைதான் அறும். பாவு தீர்ந்துபோனால் நடக்கும் வேலை இதைவிட நுட்பமானது. பழைய பாவின் நுனிகளைத் தறியின் பண்ணையிலும் விழுதிலும் அப்படியே விட்டுவைத்து, புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் அவற்றோடு விரலால் முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். அந்த வேலை நடக்கையில் ஓர் அங்குலம்கூட நெய்யப்படுவதில்லை. பார்க்கிறவருக்கு ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருக்கும். ஆனாலும் காஞ்சிபுரத்தில் யாரும் அதைத் தாமதம் என்று சொல்வதில்லை. திரும்பி வருகிற ஓட்டக்காரரின் முதல் மூன்று வாரமும் இத்தகையதே: நடப்பது, நடுவில் கொஞ்சம் ஓடுவது, மறுபடி நடப்பது.

அடுத்த மறுப்பு மானம் சம்பந்தப்பட்டது. ஷூவும் பனியனும் மாட்டிக்கொண்டு மேற்கு ராஜ வீதியில் நடந்து போனால், வாசல் தெளிக்கும் அம்மா நிமிர்ந்து பார்த்து, “என்ன சார், ரொம்ப நாளா ஆளையே காணோம்?” என்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் பலர் ஓடிக்காட்டுகிறார்கள். அவர் பார்வையிலிருந்து மறைந்ததும் விலாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இம்மறுப்பைத் தள்ளிவிட முடியாது. ஆனால் 2019-இல் நாற்பது ஆண்டு காணாமல் இருந்தவரைப் பார்க்க ஒரு கோடிப் பேர் அளவில் வந்ததாகக் கணக்கு சொன்னார்கள். தினமும் கண்ணில் படுகிறவருக்கு இவ்வூர் அவ்வளவு கூட்டம் கூட்டியதில்லை. ‘காணோம்’ என்பதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்வது சான்றுகளுக்கு முரணானது.

‘எல்லாம் சரி, பெருமாள் தோளில் அல்லவா போகிறார்’ என்று சிலர் மடக்கக்கூடும். மாட்டுப் பொங்கலை ஒட்டி அவர் பழையசீவரத்துக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருளும் தூரம் ஏறக்குறைய ஓர் அரை மாரத்தான். அது முழுதும் பிறர் காலால் கடந்தது என்பது உண்மைதான். அப்படியானால் சான்றைத் தோள் கொடுப்பவர்களிடமே தேடுவோம். வைகாசி பிரம்மோற்சவத்தில் ஊரே காத்திருக்கும் கருட சேவை முதல் நாள் வருவதில்லை. சப்பரம், சிம்மம், அன்னம், சூரியப் பிரபை எல்லாம் ஆன பிறகு மூன்றாம் நாள்தான் கருடன். தேர் ஏழாம் நாள். இதை வகுத்தவர்கள் ஸ்ரீபாதம் தாங்கிகளின் கெண்டைக்காலை மனத்தில் வைத்துத்தான் வகுத்தார்கள் என்று நிறுவ ஆவணம் இல்லை. இல்லாவிட்டாலும் இவ்வாய்வு அப்படியே கொள்கிறது.

கடைசி மறுப்புதான் சற்றுச் சங்கடமானது. 48 நாள் முடிந்ததும் அத்திவரதர் குளத்துக்கே திரும்பிவிட்டாரே, இந்நெறியைப் பின்பற்றுகிறவரும் ஒரு மண்டலம் ஓடிவிட்டு நாற்பது ஆண்டு படுத்துக்கொள்வாரா? அப்படியும் நடக்கலாம், மாரத்தானுக்குப் பெயர் கொடுத்த பலர் விஷயத்தில் நடந்தும் இருக்கிறது. இதைத் தீர்மானிக்கத் தேவையான அடுத்த தரவு 2059-இல் வெளிவரும். அதுவரை ஆய்வு தொடரும், அநேகமாக வருகிற திங்கட்கிழமை முதல்.