இரண்டு சிலிண்டர், ஒரு வாய்

வெள்ளவத்தையில் கடற்கரையோரம் வீடு என்று வெளிநாட்டுச் சொந்தக்காரருக்கு நான் பெருமையடிப்பதுண்டு. உண்மையில் கடலுக்கும் எனக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் மிகச் சிறியது. அது உப்புக்காற்றை அனுப்பி எங்கள் கேற் பூட்டைத் துருப்பிடிக்க வைக்கும். நான் தேங்காயெண்ணெய் பூசுவேன். கணுக்காலுக்கு மேல் நனைந்ததாக ஞாபகம் இல்லை.

இந்த வீட்டுக்குத்தான் ரொறன்ரோவிலிருந்து அக்காவின் மகன் பெப்ரவரியில் வந்திறங்கினான். பெட்டியைத் திறந்தான். சொக்லேற்றை எதிர்பார்த்து எட்டிப்பார்த்தேன். உள்ளே கறுப்புக் குழாய்கள், கொளுக்கிகள், ரெகுலேற்றர்கள்.

“சைட்மவுண்ட் மாமா. முதுகிலை ஒண்டும் இல்லை. ரெண்டு கக்கத்துக்குக் கீழையும் ஒவ்வொரு சிலிண்டர்.”

அவன் வந்தது கடலுக்கடியில் கிடக்கும் கப்பல்களைச் சுழியோடிப் பார்க்க. 1917 பெப்ரவரியில் வூல்ஃப் என்ற ஜெர்மன் கப்பல் கண்ணிவெடிகளை விதைத்துவிட்டுப் போக, வூஸ்ட்டர்ஷயர், பேர்சியஸ் என்ற இரண்டு பிரித்தானியக் கப்பல்கள் சில நாள் இடைவெளியில் கொழும்புக்கு வெளியே மூழ்கின. வூஸ்ட்டர்ஷயர் கிடப்பது 50 மீற்றருக்கும் கீழே. அந்த ஆழத்தில் ஒரு மூச்சுக்கு மேலே பிடிப்பதைப்போல ஆறு மடங்குக்கும் மேல் காற்றுப் பிடிக்குமாம். இவனுக்கு இப்போதைக்கு அதைவிட ஆழம் குறைந்த கப்பல்கள்தான். அதற்கும் ஒத்திகை வேண்டும். ஒத்திகைக்கு எங்கள் ஹோல்.

கொட்டாஞ்சேனையிலிருந்து மச்சானும் வந்து சேர்ந்தான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்தவன் என்பதால் கடல் பற்றிய சகல விஷயத்திலும் அவனுக்கு அபிப்பிராயம் உண்டு. “அத்தான், ஒரு பெரிய சிலிண்டர் போதாதே?” என்றான்.

ஒன்று பழுதானால் அதன் வால்வைப் பூட்டிவிட்டு மற்றதில் மூச்செடுத்து மேலே வரலாம். அதற்குத்தான் இரண்டு என்றான் மருமகன். இங்கேதான் என் மனைவி நுழைந்தாள். ஒன்று அடுப்பில், ஒன்று கதவுக்குப் பின்னால் நிரம்பியபடி என்று சமையல் காஸ் சிலிண்டர் இரண்டை வருடக்கணக்காக ஆள்பவள் அவள். 2022இல் காஸ் தட்டுப்பாட்டின்போது வெற்றுச் சிலிண்டருக்குக் காலி வீதி வரிசையில் காவல் இருந்தவன் மட்டுமே நான்.

“அப்ப ஒண்டு முடியுமட்டும் எடுத்துப்போட்டு மற்றதைப் பூட்ட வேண்டியதுதானே?”

“இல்லை மாமி. முடிஞ்சாப்பிறகு அந்த நிரம்பின சிலிண்டர் பழுதாப் போனா? சமையல் எண்டா பாண் வாங்கலாம். கீழை என்ன வாங்கிறது?”

அதனால் இரண்டையும் சமமாகக் குறைக்க வேண்டும். 200 பார் அழுத்தத்தில் தொடங்கி, வலதில் கொஞ்சம், இடதில் கொஞ்சம். முப்பது, நாற்பது பார் வித்தியாசம் வந்தால் வாயிலுள்ள ரெகுலேற்றரை மாற்ற வேண்டும். இன்னொன்று, அலுமினியச் சிலிண்டர் காலியாகக் காலியாக மிதக்கப் பார்க்கும். ஒரு பக்கத்தையே உறிஞ்சினால் ஆள் சரிந்துபோவான்.

மாற்றும் விதத்தைச் செய்து காட்டினான். இடது சிலிண்டரின் ரெகுலேற்றர் குட்டைக் குழாயில். ரப்பர் வளையத்தில் கழுத்தடியிலேயே தொங்கும். வலதுக்கு நீளக் குழாய், ஏறக்குறைய 2 மீற்றர். அது வாயில் இல்லாதபோது வலது தோளில் உள்ள வளையத்தில் கொளுவியிருக்க வேண்டும். வாயிலிருந்து எடுத்ததும் மூச்சை அடக்கக் கூடாது, சிறு குமிழிகளாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். புதியதைக் கடித்து, ஊதித் தண்ணீரை வெளியேற்றிவிட்டுத்தான் இழுக்க வேண்டும்.

“மாமா, உங்களுக்குக் காத்து முடிஞ்சுது. நான் நீளக் குழாயைத் தருவன். வாங்குங்கோ.”

காற்று முடிந்தவன் காத்திருப்பானா? காலி வீதிப் பயிற்சி உள்ளவன் நான். பாய்ந்து அவன் வாயிலிருந்ததையே பறித்தேன். அது குட்டைக் குழாய். ரெகுலேற்றருடன் அவன் கழுத்தும் வந்தது. இருவரும் சோபாவில் விழுந்தோம். பையனுக்கோ பெரிய சந்தோஷம்: “பதறின ஆள் இப்பிடித்தான் பறிப்பார். இன்னொருக்காப் பறியுங்கோ, மாமா!” வாழ்க்கையில் என் இயல்பான குணத்தை ஒருவர் திரும்பச் செய்யச் சொன்னது இதுவே முதல் தடவை.

மானத்தைக் காப்பாற்ற, படித்ததை எடுத்துவிட்டேன். ஜெர்மன்காரர் பிடித்து வைத்திருந்த பிரான்சில் பெற்றோல் இல்லை. காரை எரிவாயுவில் ஓட்டுவதற்காக எமில் கன்யான் என்ற பொறியியலாளர் ஒரு வால்வு வைத்திருந்தார். சுழியோடி கூஸ்ட்டோ போய்க் கேட்க, அது 1943இல் ரெகுலேற்றராகக் கடலுக்குள் இறங்கியது. 2022இல் நாங்களும் பெற்றோல் இல்லாமல் இருந்தோம்தான்; கண்டுபிடித்தது கியூஆர் கோட்டில் வாராவாரம் பெற்றோல் அளந்து கொடுக்கும் வித்தையை.

“எங்கடை ஆக்களுக்கு ஏன் இந்த வேலை?” என்று மனைவி இழுத்தாள். வருடாவருடம் கதிர்காமம் போகும் மச்சான் விடவில்லை. “அங்கை இருந்த சுவாமி சிவகல்கி ஆரெண்டு நினைச்சாய் அக்கா? மைக் வில்சன். ஆர்தர் சி. கிளார்க்கின்ரை கூட்டாளி. 1961இலை கிரேட் பாஸஸ் பாறையடியிலை வெள்ளிக்காசு எடுத்த சுழியோடி!” கதிர்காமக் கந்தன் பேச்சில் வந்தபின் எங்கள் வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

அடுத்த நாள் மாலை மனைவியே மேற்பார்வை. அழுத்தமானி வெறுமனே தொங்கியதால் எண்களை அவளே கற்பனை செய்து கூப்பிட்டாள்: “இடது 170, வலது 130. மாத்து!” பையன் கண்ணில் துவாயைக் கட்டிக்கொண்டு மாற்றினான். எனக்குக் காற்று முடியும் நேரத்தையும் அவள்தான் தீர்மானித்தாள். அடிக்கடி முடிந்தது.

கல்கிசையில் வள்ளம் ஏறப் போன காலை, இடியப்பப் பார்சலைக் கொடுத்துக்கொண்டே விசாரித்தாள்: “கூட இறங்கிற ஆள் எப்பிடித் தம்பி? பறிப்பாரோ?”

“இல்லை மாமி, கையைக் கழுத்துக்குக் குறுக்கை காட்டித்தான் கேட்பார். நல்லாப் பழகின ஆள்.”

“அப்ப சரி” என்றாள் என்னைப் பார்த்து. “போயிட்டு வா.”