மேட்டூர்ல எத்தனை அடி?

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து அப்பாவும் அம்மாவும் சனி, ஞாயிறு பேரப்பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். எப்படிக் குஷிப்படுத்துவது?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: ராத்திரி முழுக்க உழவன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறவர்களை மாலுக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். முதலில் பையைப் பிரியுங்கள். திருவையாறு அசோகா, கும்பகோணம் வெற்றிலை, மரிக்கொழுந்து மணக்கும் கதம்பம், போன தடவை நீங்கள் கேட்க மறந்த வடகம் எல்லாம் வெளியே வரும். அதற்குள் தாத்தா உங்கள் அரிசி டின்னைத் திறந்திருப்பார். ஓர் அரிசியை முன்பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு, "கிலோ என்ன வெலைம்மா?" என்பார். சொல்லிவிடாதீர்கள். தன் நெல்லை என்ன விலைக்குப் போட்டோம் என்பது அவருக்குத் தெரியும், தூக்கம் போய்விடும்.

டிவி ரிமோட் அவரிடமே இருக்கட்டும். மேட்டூரில் 120 அடிக்கு எத்தனை அடி நிற்கிறது என்று தெரிந்தால்தான் காபி உள்ளே இறங்கும். (ஜூன் 12-ஐ ஒட்டிக் கூப்பிட்டால் வரவே மாட்டார். அணை திறந்தால் குறுவை நாற்று யார் பார்ப்பது?)

பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவில் ஒரு பல்லாங்குழியை வையுங்கள். பேரன் தோற்று அழுவான்; பாட்டி ஒரு சோழிகூட விட்டுக்கொடுக்க மாட்டார். நீங்கள் தலையிடாதீர்கள்.

திரும்பிப் போக டிக்கெட்டை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். உழவனில் லோயர் பெர்த் கிடைப்பது கடைமடைக்குத் தண்ணீர் வருகிற மாதிரி!