பனிச்சரிவுக்கு ஒரு யோசனை

இசையமைப்பாளர் கத்தலானியின் ‘லா வாலி’ ஆப்பரா 1892-இல் மிலானின் லா ஸ்காலா அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. காதலனைப் பனிச்சரிவு அடித்துக்கொண்டு போக, நாயகி வாலியும் பின்னாலேயே குதிக்கிறாள். காசநோய், கத்திக்குத்து என்று சிக்கனமாகச் சாகும் மற்ற நாயகிகள் எங்கே, இவள் எங்கே! ஆல்ப்ஸ் மலையே சரிந்தால்தான் உயிரை விடுவாள்.

மேடையில் மலையைச் சரிப்பது எப்படி? நவீன இயக்குநர்கள் இருக்கக் கவலை ஏன்? வெள்ளைத் துணியை உதறினால் பனிச்சரிவு. விளக்கை அணைத்தால் இன்னும் ஆழமான பனிச்சரிவு. மேடையில் எதுவுமே நடக்காவிட்டால் அதுதான் உன்னதம்; புரியாதவர்கள் கையேட்டைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கட்டும்.

 

ஊரறிந்த பாட்டு இந்த ஆப்பராவில் ஒன்றே ஒன்று. அதுவும் முதல் அங்கத்திலேயே முடிந்துவிடும். மீதி மூன்று அங்கங்களும் மலையேற்றம். ஆகவே அரங்க நிர்வாகிகளுக்கு என் யோசனை: பாட்டு முடிந்ததும் வாசல் கதவுகளை அகலத் திறந்துவிடுங்கள். மேல்கோட்டைத் தேடிச் சரிந்து வரும் கூட்டத்தில் வாலி அப்படியே குதித்துவிடலாம். துணிச் செலவும் மிச்சம்.