வாயிலிருந்து இடுப்புவரை: ‘பேம்பர்’ என்னும் வினைச்சொல்லின் கதிர்காமப் பயணம்

புதுச்சேரி கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரிப் பக்கத்து மருந்துக்கடைகளே இவ்வாய்வின் களம். செல்லங்கொடுத்தலைக் குறிக்கும் ‘பேம்பர்’ என்ற ஆங்கில வினை இங்கே வினையாக வழங்குவதில்லை. ‘ஸ்’ விகுதி ஏற்றுப் பெயராகி அலமாரியில் அடுக்கப்பட்டிருக்கிறது.

“அண்ணா, பேம்பர்ஸ் ஒண்ணு குடுங்க.”

“எந்தக் கம்பெனி பேம்பர்ஸும்மா?”

“மாமி போக்கோ.”

‘பேம்பர்ஸ்’ என்பதே ஒரு கம்பெனி டயப்பரின் பெயர் என்ற முரண் இருவருக்கும் தெரியவில்லை. ஆய்வாளருக்குத் தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது?

இனி வரலாறு. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு வயிறுமுட்டத் தீனி திணிப்பது என்று பொருள். சீராட்டுதலெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. பேரப்பிள்ளைக்குத் துணி மாற்றிச் சலித்துப்போன விக்டர் மில்ஸ் என்ற ரசாயனப் பொறியாளர் யோசனை சொல்ல, 1961இல் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் இச்சொல்லைக் குழந்தையின் இடுப்பில் கட்டியது. ஆக, வாயில் புறப்பட்ட சொல் ஏறத்தாழ 600 ஆண்டுகளில் எதிர்முனையை அடைந்துவிட்டது. இடைப்பட்ட பகுதி குடல்நோய்த் துறையாருக்கு உரியது. செல்லம் பெற்றவர் பேரப்பிள்ளையா தாத்தாவா என்பதும் வழக்கில் உள்ளது.

1954 வரை இங்கே ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள், செல்லங்கொடுப்பதற்கும் கெடுப்பதற்கும் ‘காத்தே’ என்ற ஒரே வினையை வைத்துச் சிக்கனமாகக் குடும்பம் நடத்தினார்கள்.

‘பேம்பர்’ என்ற சொல்லின் ஆதிப்பொருளைப் பிசகாமல் காத்துவருபவர் ஆயா. இவ்வட்டாரத்தில் ஆயா என்றால் பாட்டி. களக்குறிப்பு: வாசற்படி, கிண்ணத்தில் நெய் ஊற்றிப் பிசைந்த பருப்புச் சாதம். பேரன் உதட்டை இறுக்கிக்கொள்கிறான். “காக்கா பாரு!” வாய் திறக்கிறது, கவளம் உள்ளே போகிறது. “போதும் அத்தை, வாந்தி எடுக்கப்போறான்” என்கிறாள் மருமகள். “ஒரே ஒரு வாய்தான்மா.” இதற்குப் பின் ஊட்டப்பட்ட வாய்களைக் கொண்டு பார்த்தால், ‘ஒரே ஒரு’ எண்ணுப்பெயர் அன்று என்பது தெளிவு. இலக்கண ஆசிரியர்கள் கவனிக்க.

புறனடை ஒன்று உண்டு. வார்டிலிருந்து இறங்கிவருபவர்கள் கேட்பது ‘பெரியவங்க பேம்பர்ஸ்’. வேறொரு மருமகள் வந்து நின்றாள்.

“இடுப்பு எவ்வளவும்மா இருக்கும்?” என்றார் கடைக்காரர்.

போன் போட்டாள். “எதுக்குடி தண்டச்செலவு? ஒண்ணே ஒண்ணு வாங்கு, போதும்” என்று அவள் வீட்டு ஆயாவின் குரல் கடைவரை கேட்டது.

மேற்படி இலக்கணம் அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். முழுப் பாக்கெட்டாக வாங்கிப் போனாள்.